அம்மா அப்பாவுக்கு அமெரிக்க டூரிஸ்ட் விசா: மகன் என்ன செய்து கொடுக்கலாம்?

டல்லாஸில் இருந்துகொண்டு மதுரையில் இருக்கும் பெற்றோருக்கு பி1/பி2 எனப்படும் டூரிஸ்ட் விசா எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிஎஸ்-160 எனும் ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்பலாம். கடைசிப் பக்கத்தில் "யாராவது உதவினார்களா?" என்று கேட்பார்கள். ஆம் என்று உங்கள் விவரத்தைக் கொடுங்கள், மறைக்க வேண்டாம். ஆளுக்கொரு படிவம், விண்ணப்பக் கட்டணம் தலைக்கு 185 டாலர். இருபது நிமிடம் சும்மா விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும். அதனால் மறுபடி திறக்க வசதியாக அப்ளிகேஷன் ஐடியை முதலிலேயே குறித்து வையுங்கள்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக, கிவன் நேமில் மட்டும் பெயர் இருந்தால், அந்தப் பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேமில் எஃப்என்யூ (FNU, அதாவது முதல் பெயர் தெரியவில்லை) என்று போட வேண்டும். இனிஷியலை நீங்களாக விரித்து எழுதாதீர்கள்.

கைரேகை ஒரு நாள், நேர்காணல் இன்னொரு நாள். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலில் தமிழிலேயே பேசலாம். அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும். அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை. திரும்பி வருவார்களா என்பதைத்தான் அதிகாரி பார்க்கிறார். ஓய்வூதியம், வீடு, ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் பற்றி அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பேரனைப் பார்க்கப் போகிறேன், மூன்று மாதத்தில் திரும்புவேன் என்பது உண்மையென்றால் அதுவே நல்ல பதில்.

அப்புறம், விசா பத்து வருடத்துக்குக் கிடைத்தாலும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில்தான் முடிவு செய்வார்கள். பெரும்பாலும் ஆறு மாதம்.