குருவின் பெயரில் ஆராய்ச்சி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகத்தில் என் மகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மத குருவின் பெயரைத் தாங்கிய இடத்தில் அவரைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் புகழ்மாலை தவிர வேறென்ன வரும்? (வாசகி, கும்பகோணம்)

பயப்படாமல் அனுப்புங்கள். வங்கி வேலையாக மூன்று வருடம் அமிர்தசரஸில் இருந்தேன். கால்சா கல்லூரிக்குப் பக்கத்தில்தான் அந்தப் பல்கலைக்கழகம். சாயங்காலம் அங்கேதான் நடக்கப் போவேன். சீக்கிய மதத்தைத் தொடங்கிய குரு நானக் பிறந்து 500 ஆண்டு ஆனதை ஒட்டி 1969 நவம்பர் 24 அன்று தொடங்கியது. அறிவியல், விளையாட்டு எல்லாம் உண்டு. உங்கள் பையன் ஸ்வெட்டர் மட்டும் மறக்காமல் எடுத்துப் போகட்டும்.

புகழ்மாலை வரத்தான் செய்யும். சில கருத்தரங்குகளில் நானே கொட்டாவி விட்டிருக்கிறேன். ஆனால் 1987இல் இதே பல்கலைக்கழகம் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியை வாங்கியது. எண் 1245. ஐந்தாம் சீக்கிய குரு அர்ஜன் 1604இல் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தைத் தொகுத்து முடிப்பதற்கு முன் உருவான வரைவுகளில் இது ஒன்று என்று, டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1991இல் முடித்த ஆய்வேட்டில் பஷௌரா சிங் எழுதினார். வந்தது வினை!

சீக்கியர்களுக்குக் கிரந்தம் வெறும் புத்தகம் அல்ல, வாழும் குரு. பொற்கோயிலில் இரவு பல்லக்கில் கொண்டுபோய்ப் பள்ளியறையில் வைப்பார்கள், விடியுமுன் திரும்ப அழைத்து வருவார்கள். அதற்கு வரைவு இருந்தது, திருத்தம் நடந்தது என்றால் சும்மா இருப்பார்களா? 1994இல் சீக்கியர்களின் உயர்ந்த மத பீடமான அகால் தக்த் பஷௌரா சிங்கை அழைத்து விசாரித்து, தொண்டு செய்து கழிக்கும் சேவைத் தண்டனை கொடுத்தது. ஏற்றுக்கொண்டார்.

ஆனால் மறுத்தவர்கள் வெறுமனே கோபப்படவில்லை. 'குரு அர்ஜன் மறைந்தது 1606. அந்தத் தேதியும் இந்தப் பிரதியில் இருக்கிறதே, 1604க்கு முந்தைய வரைவில் அது எப்படி வந்தது?' என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. பக்தியில் எழுந்த கேள்வியாக இருந்தாலும், ஏட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் கேட்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

கேள்வி: வெளிநாட்டிலும் சீக்கிய இருக்கைகள் உண்டாமே? (வாசகர், சேலம்)

உண்டு. ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு நாம் பணம் திரட்டினோமே, அதே ஏற்பாடுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1980களிலேயே வந்துவிட்டது. ஒளியிழை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற நரிந்தர் சிங் கபானி, கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் தன் அம்மா பெயரில் ஓர் இருக்கை அமைத்தார். மேலே சொன்ன பஷௌரா சிங்கும் பின்னாளில் ரிவர்சைடில் இப்படியோர் இருக்கையில்தான் அமர்ந்தார்.

கேள்வி: குரு நானக் இலங்கைக்குப் போனதாக ராமேஸ்வரம் குருத்வாராவில் கேள்விப்பட்டேன். உண்மையா? (வாசகர், பரமக்குடி)

ஜனம்சாகி என்னும் வாழ்க்கைக் கதைகளில் அப்படி இருக்கிறது. சங்கலாதீபம் என்ற நாடு (இலங்கைதான் என்கிறார்கள்), சிவநாபன் என்ற ராஜா. ஆனால் இந்தக் கதைகள் குரு மறைந்த (1539) பிறகு எழுதப்பட்டவை. பழைய சீக்கியப் புலவர் பாயி குர்தாஸ், குருவின் பயணங்களைச் சொல்லும் தன் முதல் 'வார்' பாட்டில் மெக்கா, பாக்தாத் என்று அடுக்குகிறார். இலங்கையை அங்கே காணோம்.

பஞ்சாபில், குருவுக்குக் கல்யாணம் நடந்த படாலா ஊரில், ஆசிரியராக இருந்த நியூசிலாந்துக்காரர் மெக்லியோட் 1968இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கதைகளைச் சலித்தார். உறுதி, அநேகமாக நடந்திருக்கும், சாத்தியம், சந்தேகம், நடந்திருக்கவே முடியாது என்று ஐந்து கூறு. அதற்காக இன்றுவரை அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. அவர் கணக்கு இருக்கட்டும், நானாக இருந்தால் இலங்கைக் கதையை மூன்றாவதில் போடுவேன். அந்தக் காலத்தில் ராமேஸ்வரம் வரை நடந்தே வந்த வடநாட்டு யாத்ரீகர்கள் எத்தனையோ பேர். அங்கிருந்து அக்கரை ஒன்றும் வெகு தூரமில்லை.