பட்டா நிலத்துச் செம்மரம்: மரத்துக்கு முன் காகிதத்தைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தில் எங்கள் பட்டா நிலத்தில் 2004-இல் நட்ட 60 செம்மரங்கள் நிற்கின்றன. தரகர் ஒருவர் முன்பணம் தருகிறார். “வெட்டுவது, பர்மிட் எடுப்பது எல்லாம் என் பொறுப்பு, பட்டா, சிட்டா நகலும் நான்கைந்து கையெழுத்தும் போதும்” என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அவருக்கு உங்கள் மரத்தைவிட உங்கள் காகிதம்தான் அதிகம் தேவைப்படலாம்.

செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா என்று ஆந்திரக் காடுகளே அதன் தாய்வீடு. அங்கே திருட்டுத்தனமாக வெட்டிய கட்டையை அப்படியே விற்க முடியாது. இது பட்டா நிலத்து மரம் என்று காட்ட ஒரு சர்வே எண் வேண்டும். உங்கள் 60 மரங்களின் பேரில் வாங்கிய பர்மிட்டில் காட்டுக்கட்டையும் சேர்ந்து லாரி ஏறும். பிடிபட்டால் தாளில் இருப்பது உங்கள் பெயர்.

இந்தக் கடத்தலில் சாவது கூலிக்குப் போகிறவர்கள்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திரப் படையினர் சுட்டதில் இறந்த 20 பேரும் திருவண்ணாமலை, தர்மபுரி போன்ற மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். அதை மறந்துவிட்டு இந்த வியாபாரத்தைப் பற்றி என்னால் பேச முடியவில்லை.

சரி, நேர்வழி என்ன? பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகலோடு மாவட்ட வன அலுவலருக்கு நீங்களே மனுக் கொடுங்கள். அடங்கலில் செம்மரம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். இல்லையென்றால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. வனத்துறை வந்து மரங்களை எண்ணி, அளந்து, அனுமதி தந்த பிறகே கோடரி பட வேண்டும். கட்டை நகர வனத்துறை முத்திரையும் பர்மிட்டும் வேண்டும். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் செம்மரம் இருக்கிறது. அதனால் ஏற்றுமதிக்குத் தனி அனுமதி வேண்டும். அது வாங்குபவர் பாடு.

அவசரமும் வேண்டாம். விலை சிவந்த வயிரத்துக்குத்தான், வெளியே இருக்கும் வெள்ளைக்கட்டைக்கு இல்லை. இருபது வயது மரத்தில், அதுவும் நீர் பாய்ந்த வளமான மண்ணில், வயிரம் குறைவாகவே இருக்கும். நாற்றுப்பண்ணைக்காரர்கள் சொல்லும் கோடிக்கணக்கை நம்ப வேண்டாம். பணம் தேவையென்றால் சில மரங்களை மட்டும் வெட்டுங்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். நல்ல நேரான மரங்களை விதைக்கு விட்டுவையுங்கள்.

முறையாக விற்றவர்களுக்கு இன்னொரு பலனும் கிடைத்திருக்கிறது. 2025-இல் தேசியப் பல்லுயிர் ஆணையம், பயன்பங்கீட்டுத் தொகையாக (மரத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவோரிடம் வாங்கி, வளர்த்தவர்களுக்குத் தரும் பங்கு) 55 லட்சம் ரூபாயைச் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்குக் கொடுத்தது. அவர்கள் உங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள்தான்.

அப்புறம் ஒன்று. தரகரிடம் நகலோ கையெழுத்திட்ட தாளோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், நாளைக்கே வனச்சரக அலுவலகத்துக்குப் போய் அதை எழுத்தில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.