செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நம் நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பை மேம்படுத்த முடியுமா?

முடியும் என்பதே என் பதில். ஆனால் எக்ஸ்ரே படத்தை இயந்திரம் படித்து நோயைச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தோடு நீங்கள் கேட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மென்பொருள் துறையில் இருப்பவராகவோ அதற்குப் படித்துக்கொண்டிருப்பவராகவோ இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தேனி மாவட்டம் கம்பத்தில் பதினாறு ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர். எங்கள் ஊரிலிருந்து நாள்தோறும் விடியுமுன் பெண்கள் ஜீப்பில் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலைப்பாதை வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். பகலில் அவர்கள் இருப்பது கேரளத்தில். இரவில் உறங்குவது தமிழ்நாட்டில். காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கத்து மருத்துவமனைக்குப் போவார்கள். ஆகவே இரு மாநிலத்து மருந்துச் சீட்டுகளும் என் மேசைக்கு வருகின்றன. ஒரே பெண்ணின் இரண்டு சீட்டுகளில் இரண்டு பெயர்களும் இரண்டு வயதுகளும் இருப்பதைப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன காரியம். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை என் சித்தி மூலம்தான் உணர்ந்தேன்.

2025 ஜனவரியில் சித்தி வேலை செய்த தோட்டத்தில் காசநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. கையில் தூக்கிச் செல்லும் சிறிய எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்திருந்தார்கள். படம் எடுத்த சில நொடிகளில், அதோடு இணைந்த மென்பொருள் சித்தியின் வலது நுரையீரலின் மேற்பகுதியில் சந்தேகத்துக்குரிய நிழல் இருப்பதாகக் காட்டிவிட்டது. அதை நான் குறை கூறவே மாட்டேன். எக்ஸ்ரே படிக்கும் நிபுணர் ஒருவர் அந்த மலைக்கு வந்து, அத்தனை தொழிலாளர்களின் படங்களையும் அன்றே பார்ப்பது நடக்கிற காரியம் அன்று. காசநோயைத் தேடும் முதற்கட்டச் சோதனையில், பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்பு எக்ஸ்ரேயைப் படிக்க, மனிதருக்குப் பதிலாக இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021லேயே பரிந்துரைத்திருக்கிறது. இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. சளியையும் எடுத்துக்கொண்டார்கள். சோதனையில் காசநோய் உறுதியானது.

இவை அனைத்தும் எனக்குப் பின்னால் தெரிந்தவை. சித்திக்கு அந்த முடிவு வந்து சேரவே இல்லை.

முகாமில் பெயர் எழுதியவர், சித்தி வாயால் சொன்னதைக் கேட்டு மலையாள வழக்கப்படி எழுதிக்கொண்டார். சித்தியின் பெயர் முத்துலட்சுமி. அவருடைய தமிழ்நாட்டு ஆவணங்களில் அந்த 'ல' ஆங்கிலத்தில் எல், ஏ என்று இருக்கும். மலையாள நாட்டிலோ எல், ஈ என்று எழுதும் வழக்கமும் உண்டு. தலைப்பெழுத்து விடுபட்டது. ஐம்பத்து மூன்று வயது நாற்பத்தெட்டு ஆனது. முகவரியாகத் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையை, எழுதினார்கள். சித்தி அந்த லயத்தில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. சித்தியிடம் கைப்பேசி இல்லாததால் ஜீப்பில் ஆள் கூட்டிச் செல்லும் கங்காணியின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரமே உடல் தளர்ந்து அவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அழைப்பு வந்தபோது, "அந்தம்மா வேலையை விட்டு நின்னுட்டாங்க" என்று கங்காணி உண்மையைத்தான் சொன்னார்.

அந்த நாட்களில் சித்தி என் கடைக்கு இரண்டு முறை வந்தார். "ஒண்ணுமில்ல தாயி, மலைப்பனி ஒத்துக்கல" என்றார். நான் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினேன். காசநோய் மருந்துகளை விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும், மருந்துக்கடைக்காரரும் நோயாளியைப் பற்றித் தகவல் தர வேண்டும் என்ற விதிகளை எல்லாம் நன்கு அறிந்த நான், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சொந்தச் சித்தி என்பதால் கேட்கத் தோன்றவில்லை என்று இன்றும் என் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறேன். மனம் ஏற்க மறுக்கிறது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கடையின் மூன்று படிகளை ஏற முடியாமல் அவர் கீழேயே அமர்ந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். முகாம் நடந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. அங்கே முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்கினார்கள். சளியில் கிருமி இருப்பது தெரிந்ததும், உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, உடனே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். இது 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் முறை. எடை பார்க்கும் கருவி, விரலில் மாட்டும் சிறு கருவி, ஒரு தாள், பார்த்து எழுத ஒரு செவிலியர் ஆகியவை போதும். எடை முப்பத்தாறு கிலோவாக இருந்த என் சித்தியை வீட்டுக்கு அனுப்பாமல் காத்தது அந்தத் தாள்தான். நோயைக் கண்டது இயந்திரமாகவும் ஆளைக் காத்தது தாளாகவும் இருந்ததை, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் எவரும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

காசநோயாளிகளைப் பதியும் நிக்ஷய் தளம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு நோயாளியை மாற்றவும் அதில் வழி உண்டு. ஆனால் பெயர், வயது, முகவரி, கைப்பேசி எண் ஆகிய நான்கும் வேறாக இருந்ததால், சித்தியின் பெயரைத் தேடியபோது கேரளப் பதிவு கிடைக்கவில்லை. புதிதாக இன்னொன்று உருவானது. ஒரு பெண் அன்றிலிருந்து இரண்டு பெண்கள் ஆனார். ஒருவர் சிகிச்சையில் இருக்கிறார்; மற்றவர் முகவரியில் இல்லாதவர்.

தெரிந்த ஒருவர் மூலம் எண் வாங்கி, மலைமேல் இருந்த சுகாதாரப் பணியாளரை அழைத்தேன். நான் விவரம் சொல்லி முடிக்கும் முன்பே அவர் "ஆ சேச்சியெ கிட்டியோ?" (அந்த அக்கா கிடைத்துவிட்டாரா?) என்று கேட்ட குரலை என்னால் மறக்க முடியாது. அவர் மூன்று வாரங்கள், ஒவ்வொரு லயமாக, அந்தப் பெயரைச் சொல்லித் தேடியிருக்கிறார். கேரளத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் இங்கே வந்து எழுத வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தேடியவர் அவர், பக்கத்தில் இருந்தும் கேட்காமல் விட்டவள் நான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இயந்திர அறிவை எங்கே முதலில் வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், பிரிந்து கிடக்கும் பதிவுகளைச் சேர்க்கும் இடத்தில் வைக்கச் சொல்வேன். இந்த இரண்டு பெயர்களும் ஒருவருடையவையாக இருக்கலாம், ஒன்று மலையாள வழக்கில் எழுதியது, மற்றது தமிழ் வழக்கில் எழுதியது, இந்தத் தோட்டத்து வேலையாட்கள் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருபவர்கள், ஆகவே கம்பத்துப் பக்கம் விசாரியுங்கள் என்று அந்தப் பணியாளரின் கைப்பேசியில் ஒரு குறிப்பு வந்திருந்தால், அவர் மூன்று வாரங்கள் மலையில் அலைந்திருக்க மாட்டார். தமிழில் ஒரே 'க'வும் ஒரே 'த'வும் ஆங்கில எழுத்தில் பலவாறு மாறுவதையும், தலைப்பெழுத்து சில இடங்களில் தந்தையாகவும் சில இடங்களில் கணவராகவும் மலையாளத்தில் வீட்டுப் பெயராகவும் விரிவதையும் கற்றுக்கொடுத்தால் கற்கக்கூடியவைதாமே இந்த இயந்திரங்கள்?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 2021 முதல் நாடு முழுவதும் பதினான்கு இலக்க எண் தருகிறார்களே, அதுவே போதாதா என்று சிலர் கேட்கலாம். எண் நல்லதுதான். ஆனால் ஏலச்செடிக்கு நடுவில் நிற்கிற பெண்ணிடம் அந்த எண் இருக்க வேண்டும், முகாமில் இருப்பவர் அதைக் கேட்க வேண்டும், அதோடு இணைந்த கைப்பேசி அவருடையதாகவே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மீண்டும் பெயருக்கும் வயதுக்கும்தான் வந்து நிற்கிறோம்.

பதிவுகள் பிரிந்தே கிடக்கும்போது அவற்றின் மேல் இயந்திரத்தை ஏற்றினால் நேரும் தீங்கு இன்னும் பெரிது. 2019இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று கணித்த மென்பொருள், நோயின் அளவுக்குப் பதிலாகச் செலவான தொகையை அளவுகோலாகக் கொண்டதைக் காட்டியது. கறுப்பின மக்களுக்குச் செலவழிக்கப்பட்டது குறைவு என்பதால், அவர்கள் அதிகம் நோயுற்றிருந்தும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். அதைப் படித்தபோது எங்கள் ஜீப் பெண்களைத்தான் நினைத்தேன். அவர்களுடைய நோயில் பாதி ஒரு மாநிலத்திலும் பாதி மற்றொரு மாநிலத்திலும் பதிவாகிறது. எந்தப் பகுதிக்கு எத்தனை மருத்துவர் வேண்டும் என்று ஓர் இயந்திரம் நாளை கணித்தால், இரு பக்கமும் அவர்களைப் பாதி நோயாளிகளாகவே எண்ணும்.

நோயாளியின் அந்தரங்கம் என்னாவது என்று கேட்பவர்களுக்கு: அந்த அச்சம் எனக்கும் உண்டு. காசநோய் என்றால் இன்னமும் தண்ணீர்க் குவளையைத் தனியே வைக்கிற வீடுகள் இருக்கின்றன. பெயர் ஒத்திருக்கிறது என்று தவறான வீட்டுக் கதவைத் தட்டினால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாகும்? ஆகவே இயந்திரம் 'இவராக இருக்கலாம்' என்று சொல்வதோடு நிற்க வேண்டும். அதன் பிறகு ஒரு மனிதர் போய், தனியாக, அவருடைய மொழியில் கேட்க வேண்டும். கடைக்காரி இதையெல்லாம் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டுகளை நாள்தோறும் கையில் வாங்கிப் படிப்பவள் நான்.

சித்தி ஆறு மாத மருந்தையும் முடித்துவிட்டார். தோட்ட வேலைக்கு இனிப் போக வேண்டாம் என்று நாங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. அந்தக் கேரளப் பதிவை முடிக்க, அந்தப் பணியாளர் கேட்கக் கேட்க, சித்தியின் நிக்ஷய் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் தொலைபேசியில் நான் படித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு திரும்பப் படித்தார்.

நீங்கள் உண்மையிலேயே இத்தகைய மென்பொருள் செய்யும் இடத்தில் இருப்பவரானால், ஒன்று செய்கிறேன். என் கடைக்கு வந்த சீட்டுகளில் 'லட்சுமி' என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஒன்பது விதமாக எழுதியிருப்பதை எண்ணிவைத்திருக்கிறேன். உரியவர்கள் யாரென்று தெரியாதபடி, எழுத்து வடிவங்களை மட்டும் எழுதித் தருகிறேன். மாரியம்மாளுக்கும் பேச்சியம்மாளுக்கும் எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.