டிடி கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: என்னுடைய காரை புரோக்கர் இல்லாமல் நேரடியாக ஒருவருக்கு 4,60,000 ரூபாய்க்கு விற்கப் பேசி முடித்திருக்கிறேன். அட்வான்ஸ் 20,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பிவிட்டார். மீதியில் 2,50,000 ரூபாயை ரொக்கமாகவும் 1,90,000 ரூபாயை டிடியாகவும் (வங்கி எழுதித் தரும் டிமாண்ட் டிராஃப்ட்) வரும் சனிக்கிழமை மாலை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறாராம். அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். வண்டியின் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், பெயர் மாற்றத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார். டிடி என்றால் செக் மாதிரி திரும்பாதே, கொடுத்துவிடலாமா?

பதில்: அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். சனிக்கிழமை மாலையில் டிடியைச் சரிபார்க்க எந்த வங்கிக் கிளையும் திறந்திருக்காது. ஏதாவது தவறாகப் போனால் மொத்தச் சுமையும் உங்கள் தலையில்தான் விழும். வங்கி வேலை நாள் ஒன்றில், காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, முழு விலையும் வந்து சேராத வரை, தன் கையில் இருக்கும் பொருளைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள விற்பவருக்கு உரிமை உண்டு (பிரிவு 47). பொருளை ஒப்படைத்ததும் அந்த உரிமை போய்விடும். அதன்பிறகு நீங்கள் வெறும் கடன்காரரைத் துரத்தும் ஆள்தான். அதைவிட மோசமான ஒன்று அதே சட்டத்தின் பிரிவு 29-இல் இருக்கிறது. உங்களை ஏமாற்றி வண்டியை வாங்கியவர், நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்குள், விவரம் தெரியாத வேறொருவருக்கு அதை விற்றுவிட்டால், அந்த மூன்றாம் நபருக்கு நல்ல உரிமை கிடைத்துவிடும். வண்டி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தாலும் திரும்ப வாங்குவது பெரும்பாடு. உங்கள் ஒரே பாதுகாப்பு அந்தச் சாவிதான்.

இப்போது டிடி. உண்மையான டிடி பணம் இல்லாமல் திரும்பாது என்பது சரி. ஆனால் உங்கள் கைக்கு வருவது உண்மையான டிடிதானா? என்னிடம் வந்த ஒருவர் இப்படி வாங்கிய டிடியின் நகலை மேசைமேல் வைத்தார். கிளைப் பெயர், தொகை, இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து எல்லாம் கச்சிதமாக இருந்தது. 2018 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் டிடியில் அதை எடுத்தவரின் பெயரும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த நகலில் அந்தப் பெயரே இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமைதான், அந்த எண்ணில் டிடி எதுவும் வழங்கவே இல்லை என்று வங்கி சொன்னது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் அலுவலகத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. டிடிதான் என்று உங்கள் காரை வாங்குபவர் பிடிவாதமாக இருந்தால், அதை எடுக்கும்போது நீங்களும் கூடவே அந்தக் கிளைக்குப் போங்கள். கவுன்ட்டரில் அச்சாகி வரும் தாளை நேரே கையில் வாங்குங்கள்.

அதைவிட நல்ல வழி ஆர்டிஜிஎஸ், அதாவது ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் முறை. 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்பத்தான் அது. 2020 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது. பணம் சேர்ந்த பிறகு, வேண்டாம் என்று அனுப்பியவர் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாது. ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளிலேயே பெரிய தொகை அனுப்பச் சில வங்கிகள் விடுவதில்லை. அதனால் உங்கள் கணக்கு விவரத்தை இப்போதே கொடுத்து அவரைச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். பணம் வந்துவிட்டது என்பதற்கு அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டோ, உங்கள் போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸோ போதாது. இரண்டையும் போலியாகச் செய்துவிட முடியும். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய இருப்பில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை அடிக்கச் சொன்னால், அது மோசடியேதான்.

பணம் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும். மச்சான் கணக்கிலிருந்து, நண்பர் கணக்கிலிருந்து என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சைபர் மோசடியில் பறித்த பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குப் போனதோ அவற்றையெல்லாம் முடக்கச் சொல்லி காவல்துறை வங்கிக்கு எழுதுகிறது. எந்தப் பாவமும் அறியாத உங்கள் கணக்கும் அதில் மாட்டிக்கொள்ளலாம். அப்படி நடந்தால் கையொப்பமிட்ட விற்பனை ஒப்பந்தம்தான் உங்களுக்குச் சாட்சி.

ரொக்கம் 2,50,000 என்பதை அடியோடு மறுத்துவிடுங்கள். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து தடை செய்திருக்கிறது. பிரித்துப் பிரித்து வெவ்வேறு நாளில் வாங்கினாலும் விற்பனை ஒன்றுதானே. தண்டம், வாங்கிய தொகைக்குச் சமம். அதுவும் பணத்தைப் பெற்றவருக்கு, அதாவது உங்களுக்கு. அவருக்கு இல்லை.

செக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைசி நேரத்தில் செக்கை நீட்டுபவர்கள் உண்டு. திரும்பிய செக்குக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 இருக்கிறது. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். அப்புறம் வாய்தா, வாய்தா என்று அலைய வேண்டும். அதற்குள் வண்டி எத்தனை கை மாறியிருக்குமோ!

சரி, பணம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால் அடுத்த ஆபத்து ஆரம்பம். மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அந்தக் காரை 2007-இலேயே விற்றுவிட்டார் பதிவு உரிமையாளர். அது பல கை மாறி, 2009-இல் விபத்து நடந்தது. பெயர் மாற்றம் நடக்காததால், இழப்பீட்டுப் பொறுப்பு அவர்மேலேயே வந்து நின்றது.

அதனால் இரண்டு படிவத்திலும் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். விற்பனையை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க விற்பவருக்கு 14 நாள் அவகாசம். வாங்குபவர் வேறு மாநிலம் என்றால் 45 நாள். இதை அவர் பொறுப்பில் விடாதீர்கள். நீங்களே கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்து வாகனப் பதிவு இணையதளத்தில் பாருங்கள். கார் கடன் ஏதாவது இருந்து முடித்திருந்தால், ஆர்சியில் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் விற்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அதற்குப் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

ஒப்படைக்கும் நாளன்று இரண்டு பிரதிகளில் டெலிவரி ரசீது எழுதுங்கள். வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், விலை, பணம் வந்த யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்), தேதி எல்லாம் இருக்கட்டும். நேரத்தையும் எழுதுங்கள், காலை 11.40 என்று நிமிடம் வரை. உங்கள் தெருவைத் தாண்டி முதல் சிக்னலிலேயே அவர் யார்மேலாவது மோதினால், அப்போது வண்டி யார் கையில் இருந்தது என்பதை அந்த ஒரு வரிதான் காட்டும். அவருடைய அடையாள அட்டை நகலிலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக் உங்கள் கணக்கோடு இணைந்திருக்கும், அதையும் அன்றே மூடிவிடுங்கள்.

இதைப் படிப்பதற்குள் வண்டியைக் கொடுத்து ஏமாந்துவிட்டீர்கள் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன் என்று வாட்ஸ்அப்பிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அவருக்கு உடனே தெரிவியுங்கள். சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 29-ஐப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான்; அவர் வேறொருவருக்கு விற்பதற்குள் ரத்து செய்துவிட வேண்டும். காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கான பிரிவு 318-இன் கீழ் புகார் கொடுங்கள். யாருக்கும் இனி பெயர் மாற்றித் தர வேண்டாம் என்று, புகார் நகலோடு ஆர்டிஓவுக்கும் எழுதிக் கொடுங்கள். ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள்.