பில் பாக்கி வேறு, பி.எப். பாக்கி வேறு

கேள்வி: திருப்பூரில் ஆள் சப்ளை நிறுவனம் நடத்துகிறேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஆட்களை அனுப்பி வந்தேன். 120 பேர், பெரும்பாலும் ஒடிசா, ஜார்க்கண்ட்காரர்கள். சராசரி மாதச் சம்பளம் 12,000 ரூபாய். கொரோனா காலத்தில் அந்த நிறுவனத்துக்காக என் கமிஷனையே விட்டுக்கொடுத்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியதால் ஆர்டர் போய்விட்டது என்று, அக்டோபரில் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பில் 63 லட்சம் பாக்கி. மனைவியின் நகையை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்தேன். அந்த மூன்று மாத பி.எப். மட்டும் கட்ட முடியவில்லை, நோட்டீஸ் வந்திருக்கிறது. 45 லட்சம் தருகிறோம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார்கள். முதலாளி மீது மோசடிப் புகார் கொடுக்க விரும்புகிறேன். செய்யலாமா?

பதில்: கூடாது. கொரோனா காலத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்தது, அவர்கள் அதை மறந்தது ஆகியவற்றை எந்த நீதிமன்றமும் கணக்கில் எடுக்காது. ஆர்டர் நின்றுபோனது என்ற அவர்களுடைய சாக்கும் அப்படித்தான். செப்டம்பர் வரை வேலை நடந்துவிட்டது. நடந்த வேலைக்கான பில்லை எந்த நாட்டு வரியும் ரத்து செய்யாது. பணம் வராமல் போனது ஒப்பந்த மீறல். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. பத்து ஆண்டுகள் ஒழுங்காகப் பணம் கொடுத்தவரிடம் அதை எப்படிக் காட்டுவீர்கள்?

உங்கள் கடிதத்தில் சட்டப்படி முக்கியமான வரி ஒன்றுதான், அதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "பி.எப். மட்டும் கட்ட முடியவில்லை."

சம்பளத்தில் தொழிலாளியின் 12 சதவீதப் பங்கைப் பிடித்துக்கொண்டுதானே கொடுத்தீர்கள்? உங்கள் கணக்குப்படி மூன்று மாதத்துக்கு அது மட்டும் 5 லட்சத்துக்கு மேல். அந்தப் பணம் உங்களுடையது அல்ல, அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டியதும் அல்ல. தொழிலாளி உங்களிடம் ஒப்படைத்த பணம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் அது நம்பிக்கை மோசடி என்று இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவு விளக்கமாகவே சொல்கிறது. ஐந்தாண்டு வரை சிறை. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் 14(1ஏ) பிரிவில் தண்டனைக்குக் கீழ்வரம்பே ஓராண்டு. நீங்கள் மோசடிப் புகாரோடு காவல் நிலையம் போனால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் செய்யும் முதல் வேலை பி.எப். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது. இரண்டு வழக்குகளில் வலுவானது உங்கள் மீதான வழக்காகத்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மீண்டும் மீண்டும் விழும் குழி இது. ஆர்டர் நன்றாக இருக்கும் காலத்தில் கம்பெனி பில் அறுபது நாள் தாமதமானாலும் சமாளித்துவிடுகிறார்கள். மந்தம் வந்ததும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு பி.எப்., இ.எஸ்.ஐ. பணத்தைச் சுழல் நிதியாக எடுத்துக்கொள்கிறார்கள். தொழிலாளி வாசலில் நிற்கிறார், பி.எப். அலுவலகம் தூரத்தில் இருக்கிறது. அதனால் அப்படித் தோன்றுகிறது. பிறகு விசாரணையில் "பில் வரவில்லை, அதனால் கட்டவில்லை" என்று எழுத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். அது தற்காப்பு அல்ல, ஒப்புதல். நிதி நெருக்கடியைக் காட்டித் தப்ப முடியாது என்பது 1979இலேயே உச்ச நீதிமன்றத்தின் ஆர்கனோ கெமிக்கல் வழக்கில் ஏறத்தாழ முடிந்துபோன விஷயம். தாமதத்துக்கான நஷ்டஈடு விதிக்கக் குற்ற எண்ணமே தேவையில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பி.எப். குறியீட்டு எண் உங்கள் பெயரில் இருக்கிறது. ஆகவே முதன்மை வேலையளிப்பவரான அந்த ஏற்றுமதி நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்று வாதாடிக்கொண்டிருப்பதற்குள் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டுவிடும். அந்தக் கணக்கில்தான் அடுத்த கம்பெனியின் பணமும் வருகிறது; அடுத்த மாதச் சம்பளமும் அதோடு நிற்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களைச் சொல்லி யாராவது நம்பிக்கை கொடுத்தால் கேட்காதீர்கள். உங்கள் பாக்கி அதற்கு முந்தையது.

தொழிலாளி பங்கும் உங்கள் பங்கும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ 11 லட்சம் வரும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் மாதத்துக்கு ஒரு சதவீத நஷ்டஈடு. வட்டிக்கும் நஷ்டஈட்டுக்குமான நோட்டீஸ் ஆண்டுகள் கழித்துக்கூட வரும். அதற்கான தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

ஆகவே சமரசமாகப் போங்கள். 63 லட்சத்துக்கு 45 என்பது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கு முடியும்வரை பி.எப். காத்திருக்காது. உங்களிடம் பேரம் பேசச் சில பிடிகள் இருக்கின்றன. 50க்கு மேல் கேளுங்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், உங்கள் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் அவர்கள் கழித்துக்கொண்ட வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். இதை அவர்களுடைய ஆடிட்டரிடம் சொல்லுங்கள், முதலாளியிடம் சொல்வதைவிட வேலை செய்யும். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் இன்னும் பலம்: 45 நாளுக்கு மேல் தாமதமானால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டுவட்டி கேட்கலாம். ஆனால் பதிவு ஜூலைக்கு முன்பே இருந்ததா என்று பாருங்கள். பிறகு பதிவு செய்தவர்களுக்குப் பழைய பில்லுக்குப் பலன் இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2021இன் சில்பி இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு. 2025 ஜனவரியில் அந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதை நம்பிப் பேரத்தை உடைக்காதீர்கள்.

சமரசத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அவர்கள் நீட்டும் காகிதத்தில் "எதிர்காலத்தில் வரும் எல்லாச் சட்டப்பூர்வப் பொறுப்பும் ஒப்பந்தக்காரரையே சாரும், நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை அவரே ஈடுசெய்வார்" என்றொரு வரி கட்டாயம் இருக்கும். பணம் வந்தால் போதும் என்று அதைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள், வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சம், அவர்கள் பில்லைத் தாமதப்படுத்திய மூன்று மாதத்துக்கான வட்டியும் நஷ்டஈடும் அதில் அடங்காது என்று எழுதுங்கள். முதல் தவணை உங்கள் கைக்கு வர வேண்டாம். அது நேரே பி.எப். சலானுக்குப் போகட்டும். மீதிக்கு நிறுவனத்தின் பெயரில் பின்தேதியிட்ட காசோலைகள். ஒரு தவணை தவறினாலும் முழு 63 லட்சமும் திரும்ப உயிர்பெறும் என்று ஒரு விதி. கடைசிக் காசோலை பணமாகும்வரை "பாக்கி இல்லை" என்ற கடிதம் கிடையாது.

இதை வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளாமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வணிக வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுத்து அங்கே பதிவு செய்யுங்கள். எப்படியும் வழக்குப் போட அந்த வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஏற்படும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு உண்டு. மீறினால் நேரே நிறைவேற்று மனு போடலாம்.

நிறுத்தப்பட்ட 120 பேரில் 240 நாள் வேலை செய்தவர்களை நீங்கள் வேறு எங்கும் வேலைக்கு வைக்கவில்லை என்றால், ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டு அவர்கள் வருவது உங்களிடம்தான். யார் யார் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். அந்தத் தொகை தெரியாமல் எந்த எண்ணுக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பி.எப். விசாரணைத் தேதிக்கு முன் ஜூலை மாதத்துக்காவது பணம் கட்டிவிட்டு, சலான் நகலோடு போங்கள். மற்ற இரண்டு மாதங்களுக்கு அவகாசம் கேட்க அப்போதுதான் உங்களுக்கு வாய் இருக்கும்.