மகள் விளையாட்டுச் செய்தியாளராக வேண்டுமாம்: செந்தூல் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

"பெண்கள் விளையாட்டை யார் பார்க்கிறார்கள், அதை நம்பி மகளைப் படிக்க வைப்பதா?" என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கிறார்கள். 2023 பெண்கள் உலகக் கிண்ணக் கால்பந்துக்கு அரங்கில் திரண்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் பேர். 2025 ஆகஸ்டில் பேர்லி டான், தீனா முரளிதரன் ஜோடி பூப்பந்து உலகப் போட்டியின் இறுதியாட்டத்துக்குப் போய் வெள்ளி வென்றது. மலேசியப் பெண்கள் இரட்டையர் அதற்கு முன் அந்த இடத்தைத் தொட்டதில்லை.

ஆனாலும் உங்கள் கவலையில் பாதி நியாயம். இந்த வெளிச்சம் பதக்க வாரத்தில் பாய்ந்து வரும், அடுத்த வாரமே வடிந்துவிடும். ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி 2022-இல் கார் விபத்தில் படுகாயமடைந்தார். மறு ஆண்டு ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றார். இடைப்பட்ட மாதங்களில் எப்படி மீண்டார் என்று தோண்டி எழுதுபவர்தான் இந்தத் துறையில் நிலைப்பார். பெண்கள் விளையாட்டுக்கென்றே தனி வேலை குறைவு. அதனால் பட்டம் அகலமாக இருக்கட்டும்: இதழியல் அல்லது தொடர்பியல். பினாங்கு யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் இது உண்டு.

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தேசிய மொழியும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. டிப்ளோமாவுக்குப் பொதுவாகக் குறைந்தது 3 பாடங்களில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி), பட்டத்துக்கு முந்தைய அடிப்படைப் படிப்புக்கு 5. தனியார் கல்லூரி என்றால் முன்பணம் கட்டும் முன் அங்கீகாரம் பெற்ற படிப்புகளைப் பட்டியலிடும் எம்.கியூ.ஆர். பதிவேட்டைப் பாருங்கள். கல்லூரிப் பெயர் இருந்தால் போதாது, அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் அதைப் பொறுத்தது. பலர் தவறுவது இங்கேதான்.

பயிற்சியைப் பள்ளி வலைப்பந்துப் போட்டியிலேயே தொடங்கலாம். முழு ஆட்டம் 15 நிமிடம் வீதம் 4 கால் பகுதி; பள்ளி ஆட்டங்களில் நேரத்தைக் குறைப்பதுண்டு, முன்பே கேட்டுக்கொள்ளட்டும். கோல் அடிக்க உரிமை உள்ளவர்கள் கோல் ஷூட்டர், கோல் அட்டாக் இருவர் மட்டுமே. ஆக, அந்த இருவரின் ஒவ்வொரு வீச்சையும் விழுந்தது, விழாதது என்று பகுதி வாரியாகக் கோடு போட்டுக் குறித்தாலே ஆட்டம் எங்கே திரும்பியது என்று தெரிந்துவிடும். கடைசி விசில் ஊதி 30 நிமிடத்துக்குள் 250 சொல் அறிக்கை. முதல் வாக்கியத்தில் முடிவும் புள்ளிகளும், அடுத்ததில் திருப்பம். புதியவர்கள் பரிசு கொடுத்த பிரமுகரில் தொடங்கி, ஆட்டக்காரியின் அழகில் முடிப்பார்கள், இரண்டும் வேண்டாம். பெயரை அந்தப் பெண்ணையே எழுதித் தரச் சொல்லட்டும். படம் எடுக்கப் பள்ளியின் அனுமதியும் பெற்றோர் சம்மதமும் கட்டாயம், ஆடுபவர்கள் 18 வயதுக்குக் கீழ்.

அதே ஆட்டத்தைத் தமிழிலும் மலாயிலும் தனித்தனியாக எழுதிப் பழகட்டும், மொழிபெயர்க்க வேண்டாம். மின்னல் எஃப்.எம்., பெர்னாமா தமிழ்ச் செய்தி போன்ற இடங்களில் இரு மொழியும் எழுதத் தெரிந்தவருக்கே மதிப்பு அதிகம். திரையில் முகம் காட்டும் வேலைகள் சில மட்டுமே. காணொளி வெட்டுதல், புள்ளிவிவரம், சங்கங்களின் ஊடகப் பொறுப்பு ஆகியவற்றில் நுழைவது எளிது.

இரவு ஆட்டங்கள்தாம் உங்களை உறுத்தும். புக்கிட் ஜாலில் தேசிய அரங்குக்கு எல்.ஆர்.டி. நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசி ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்து, துணையோடு போகட்டும்.

அடுத்த சந்திப்புக்குத் தேர்வு மதிப்பெண்களோடு 5 ஆட்ட அறிக்கைகளும் கொண்டு வரச் சொல்லுங்கள். அவற்றைப் படித்துவிட்டு எந்தப் படிப்பு என்று முடிவு செய்வோம்.