செல்பேசி இருந்த இடமும் ஆள் இருந்த இடமும்

ஸ்மார்ட்போனும் மொபைல் டேட்டாவும் ஆராய்ச்சியையும் அன்றாட வாழ்க்கையையும் எப்படி மாற்றிவருகின்றன என்பது கேள்வி. இதில் டேட்டா என்ற சொல்லை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். "டேட்டா தீர்ந்துவிட்டது" என்று சொல்லும்போது காசு கொடுத்து வாங்கிய இணையத்தைச் சொல்கிறோம். மக்களின் நடமாட்டத்தை ஆராயும் என்னைப் போன்றவர்களுக்கோ, டேட்டா என்பது செல்பேசி வெளியே விட்டுச்செல்லும் பதிவு: எந்த நேரத்தில், எந்தக் கோபுரத்தோடு, எவ்வளவு நேரம் தொடர்பில் இருந்தது என்ற கணக்கு. முதலாவது தீர்ந்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டாவது நாளுக்கு நாள் சேர்வது பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. நான் பல ஆண்டுகளாகப் புழங்குவது இந்த இரண்டாவதில்தான் என்பதால், என் பதிலும் அதைப் பற்றியே இருக்கும்.

முன்பெல்லாம் மக்கள் எங்கே போய்வருகிறார்கள் என்று அறிய வேண்டுமானால் வீடு வீடாகச் சென்று கேட்க வேண்டும். நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எதில் போனீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று படிவம் நிரப்புவோம். மாதக்கணக்கில் உழைத்தாலும் கையில் கிடைப்பது சில ஆயிரம் பேரின் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் கதைதான். செல்பேசி நிறுவனங்களோ கட்டணக் கணக்குக்காக ஒவ்வோர் அழைப்பின் நேரத்தையும் அதைக் கையாண்ட கோபுரத்தையும் ஏற்கெனவே குறித்துவைத்திருந்தன. பில் போடுவதற்காக எழுதப்பட்ட அந்தப் பேரேடுதான் பிற்பாடு ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது. கொன்சாலஸ், ஹிடால்கோ, பராபாசி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2008இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையில், பெயர் நீக்கப்பட்ட 1,00,000 பேரின் ஆறு மாதப் பதிவுகளை ஆராய்ந்து, நாம் கால்போன போக்கில் அலைவதில்லை, ஒரு சில இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போய்வருகிறோம் என்று காட்டினார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் அலைகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஓர் ஆய்வு வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் எவ்வளவு தூரம், எத்தனை முறை என்று ஆளுக்கு ஆள் எண்ணில் சொல்லும் இவ்வளவு பெரிய கணக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

இந்தக் கணக்கின் பயன் எனக்கு உறைத்தது கென்யா மலேரியா ஆய்வைப் படித்தபோதுதான். மலேரியாக் கொசு பொதுவாகச் சில கிலோமீட்டருக்கு மேல் பறப்பதில்லை. நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியை நெடுந்தொலைவுக்குச் சுமந்து செல்பவர் பேருந்தில் ஏறும் மனிதர், அதுவும் பல சமயம் தன் உடம்பில் அது இருப்பதே தெரியாமல். ஏமி வெசலோவ்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008 ஜூன் முதல் 2009 ஜூன் வரை ஏறத்தாழ 1.5 கோடி சந்தாதாரர்களின் பதிவுகளை மலேரியாப் பரவல் வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்த்து, 2012இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். விக்டோரியா ஏரியை ஒட்டிய பகுதிகளிலிருந்து ஆட்களோடு ஆட்களாக ஒட்டுண்ணி தலைநகர் நைரோபிக்கு வந்து சேரும் வழி அதில் துலங்கியது. எந்தப் பகுதியில் நோயை ஒடுக்கினால் எந்த ஊருக்குப் பலன் கிடைக்கும் என்று யோசிக்கிற சுகாதாரத் துறைக்கு இதைவிட உதவியான வரைபடம் வேறென்ன இருக்க முடியும்?

ஆயினும் இந்தப் பதிவு சொல்வது செல்பேசி இருந்த இடத்தை. ஆள் இருந்த இடத்தை நாம்தான் ஊகித்துக்கொள்கிறோம். இதை என்னை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஆய்வு ஒன்றுக்காக நாங்கள் எழுதிய செயலியை என் செல்பேசியில் இரண்டு வாரம் ஓடவிட்டு, அதே நாட்களில் ஒரு சிறு நோட்டிலும் என் போக்குவரத்தைக் கையால் குறித்துவந்தேன். ஒன்பதாம் நாள் இரவு நான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்க, பதிவின்படி பதினான்கு முறை ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்வந்திருந்தேன். இக்கரைக் கோபுரத்தின் சிக்னலும் அக்கரைக் கோபுரத்தின் சிக்னலும் என் கட்டிலருகே கிட்டத்தட்ட ஒரே வலிமையில் இருந்ததால், செல்பேசி இரண்டிடமும் மாறி மாறித் தாவியிருக்கிறது. மற்றொரு நாள் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு அரை நாள் வெளியே சுற்றினேன். பதிவு என்னை வீட்டிலேயே உட்காரவைத்திருந்தது. நோட்டு மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. கிளம்பிய நேரமெல்லாம் 8.00, 8.15, 8.30 என்று கால்மணிக் கணக்கில் அழகாக இருந்தது. தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பிய நடைகளில் பாதியை எழுதவே மறந்திருந்தேன். அதன் பிறகு எங்கள் செயலியில் தினமும் மாலை ஒரு கேள்வி சேர்த்தோம்: "இன்று செல்பேசியை எடுக்காமல் எங்காவது போனீர்களா?"

செல்பேசியையே ஆளாக எண்ணிக்கொள்ளும் இந்தப் பழக்கம் அன்றாட வாழ்விலும் இருக்கிறது. வரைபடச் செயலியில் நெரிசலான சாலை சிவப்பாகத் தெரிவது, அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும் வாகனங்களுக்குள் உள்ள செல்பேசிகளின் வேகத்தைக் கொண்டுதான். சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மானியக் கலைஞர் ஒரு சிறு தள்ளுவண்டியில் 99 பழைய ஸ்மார்ட்போன்களை அடுக்கிக்கொண்டு பெர்லின் தெருக்களில் மெதுவாக நடந்தார். வெறிச்சோடிய தெரு கூகுள் வரைபடத்தில் சிவந்தது. 2020இல் அவர் அதன் காணொளியை வெளியிட்டார். எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் அதைப் போட்டுக்காட்டுவது வழக்கம்.

அப்படியானால் பதிவு நம்பத்தகாதது, அதனால் அந்தரங்கத்துக்கு ஆபத்தில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு தனி இரவைப் பற்றித் தவறும் அதே பதிவு, சில மாதங்கள் சேர்ந்ததும் ஆளைத் துல்லியமாகப் பிடித்துவிடும். இவ்-அலெக்ஸாந்த்ர் த மோன்ழுவா முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு 15 லட்சம் பேரின் 15 மாதப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. அதில் பெயர் இல்லை, எண் இல்லை. நேரம் ஒரு மணி நேர அளவிலும் இடம் கோபுர அளவிலும் மட்டுமே இருந்தது. இருந்தும், ஒருவர் எந்நேரம் எங்கே இருந்தார் என்ற நான்கே நான்கு குறிப்புகள் தெரிந்தால் 95 விழுக்காட்டினரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிட முடிந்தது. உங்கள் வீடும் அலுவலகமும் தெரிந்த ஒருவருக்கு இன்னும் இரண்டு குறிப்பு கிடைப்பது பெரிய காரியமில்லை. எனவே "பெயரை நீக்கிவிட்டோம்" என்று எந்தச் செயலி உறுதி சொன்னாலும் நான் அதைப் பாதி உறுதியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கோபுரக் கணக்கைத் தாண்டி, செல்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானியும் இப்போது ஆய்வுக்கருவியாகிவிட்டது. திரையைத் திருப்பினால் படம் திரும்புவதற்காக வைத்த அந்தச் சில்லு, மேசைமேல் அசையாமல் கிடக்கும்போது நில அதிர்வின் முதல் அலையை உணர்ந்துவிடும். ஒரே பகுதியில் பல செல்பேசிகள் ஒரே நேரத்தில் அதிர்வைத் தெரிவித்தால், அழிவு தரும் அலை வந்து சேர்வதற்குள் தொலைவில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை அனுப்ப முடிகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் பெர்க்லியின் மைஷேக் செயலி 2016இலும், ஆண்ட்ராய்டின் எச்சரிக்கை அமைப்பு 2020இலும் வந்தன. இங்கே ஆள் யார் என்ற கேள்வியே எழவில்லை என்பதால், இத்துறையில் எனக்கு மன உறுத்தல் இல்லாத பகுதி இது ஒன்றுதான்.

இவ்வளவும் தெரிந்த நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. செல்பேசியைத் தூக்கி எறியவில்லை; வழி தெரியாத இடத்தில் நானும் வரைபடத்தைத்தான் திறக்கிறேன். இருப்பிட அனுமதியை மட்டும் அவ்வப்போது உட்கார்ந்து சரிபார்ப்பேன். செயலியைத் திறந்திருக்கும்போது மட்டும் அனுமதி, துல்லியமான இடத்துக்குப் பதில் தோராயமான இடம் என்ற இரண்டு வசதிகளும் இப்போது ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் இருக்கின்றன. வழிகாட்டும் செயலிக்கு நான் நிற்கும் தெரு தெரிய வேண்டும். வானிலைச் செயலிக்கு ஊர் தெரிந்தால் போதும்.